உம் கொட்டிய மீட்டர்

கதை கேக்குறவங்க உம் கொட்டணும், அது எங்க ஊரு வழக்கம். சொல்றவ ஒரு வரி சொல்லி மூச்சு வாங்குறப்ப கேக்குறவ 'ம்'ன்னு ஒரு சத்தம் குடுக்கணும், குடுத்தாத்தான் அடுத்த வரி வாயில வரும், குடுக்கலைன்னா கேக்குறவ தூங்கிட்டான்னு அர்த்தம், சொல்றவளும் பாயை உதறிப் போட்டுப் படுத்துக்குவா, ராஜா காட்டுக்குள்ள வழி தெரியாம நின்னாலும் சரி, விடியிற வரைக்கும் அங்கனயே நிக்க வேண்டியதுதான். நீங்க புஸ்தகத்துல படிக்கிறவங்க, உங்க உம் எனக்குக் கேக்காது, அதனால கொட்டுறீங்கன்னு நானே நெனச்சுக்கிட்டுச் சொல்றேன். நடுவுல தூங்கிப்புட்டு அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க.

எம் பேரு சுருளியம்மா. கம்பத்துக்குத் தெக்க மலையடியில ஓடைக்கரைப்பட்டின்னு ஒரு ஊரு, அங்க பதிமூணு பொம்பளைகளைச் சேத்துக்கிட்டுத் திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போறவ. கவாத்து வெட்டுறது, கொடி கட்டுறது, கொலையில நெருக்கமா இருக்கிற பிஞ்சைக் கத்தரி வச்சு வெட்டி விடுறது, எல்லாம் எங்க வேலை. நாளு முழுக்கப் பந்தலுக்கு அடியில கழுத்தை அண்ணாந்துக்கிட்டே நிக்கிறதால எங்களுக்குக் கழுத்து வலிக்கும், வாய் வலிக்காது. எனக்குக் கொஞ்சம் நாக்கு நீளம்னு ஊருக்கே தெரியும், அதை மறைச்சு ஆகப்போறது ஒண்ணுமில்ல.

ஒச்சப்பன் எனக்குச் சித்தப்பா மகன். ரெண்டரை ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தலும் பந்தலுக்கு அடியில குனிஞ்சு போற மாதிரி ஒரு நீலக் கலரு சின்ன டிராக்டரும் வச்சிருந்தான். அவன் பேச மாட்டான், கேப்பான். வண்டிக்கு அடியில மல்லாந்து படுத்து நட்டு முறுக்கிக்கிட்டே கேப்பான், தலையைத் தூக்கிப் பாக்க மாட்டான், ஆனா ஒவ்வொரு வரிக்கும் சரியா எங்க விழணுமோ அங்க ஒரு 'ம்' விழும். அந்த உம்முல ஆமாம்னும் இருக்காது, இல்லைன்னும் இருக்காது, நீ சொல்லு நான் இருக்கேன்னு இருக்கும். அவன் முன்னால உக்காந்தா என் மருமக மேல இல்லாத குத்தமெல்லாம் எனக்கு ஞாபகத்துக்கு வரும். அப்படி ஒரு பாவி அவன்.

அவன் செத்தது அந்த டிராக்டர்லதான். வாய்க்கால் கரை மழையில ஊறிக் கெடந்துச்சு, பின் சக்கரம் உள்ள வாங்கி, வண்டி அப்படியே பக்கவாட்டுல கவுந்து, அவன் அடியில போயிட்டான். டிராக்டர் வாங்குறப்ப சீட்டுக்குப் பின்னாடி ஒரு வளைஞ்ச இரும்புக் கம்பி நட்டமா நிக்கும் பாத்திருப்பீங்க, நாங்க அதை வளைவும்போம், வண்டி கவுந்தா ஓட்டுறவன் மேல விழாமத் தாங்குறதுக்குன்னே கம்பெனியில வச்சு அனுப்புறது. அந்த வளைவு அன்னைக்கு வண்டியில இல்ல. பதினோரு நாளைக்கு முன்னாடி யாரோ அடியோட வெட்டி எடுத்திருந்தாங்க.

யாரோன்னு என்ன, குருவையாதான் வெட்டினாரு. எங்க ஊருக்கு இருந்த ஒரே மெக்கானிக்கு, வெல்டிங்கும் அவரேதான். எங்க பக்கத்துல பந்தல்காரங்க பாதிப்பேரு அந்தக் கம்பியை வெட்டத்தான் வெட்டுறாங்க, பந்தல் கம்பியில மாட்டுது, கொலையை ஒடிக்குதுன்னு. மழை விட்டா கொடையை மடக்கி வைக்கிற மாதிரி அதுவும் ஒரு சின்ன காரியம்னு எல்லாருக்கும் நெனப்பு. ஆனா சாவுன்னு வந்தா ஊருக்கு ஒரு ஆளு வேணும்ல? எழவு வீட்டுல குருவையா மாலையோட வந்து நின்னப்ப, "வெட்டின கையோட மாலை வேற கொண்டாந்திருக்கியா?"ன்னு கேட்டு அவரு கால்கிட்டத் துப்பினவ நாந்தான். அவரு மாலையைத் தரையில வச்சிட்டுத் திரும்பிப் போனாரு. அன்னையில இருந்து ஊர்ல ஒரு சைக்கிள் கூட அவரு பட்டறைக்குப் போகல.

இப்ப ஒண்ணு சொல்லிர்றேன். ஒளிச்சு வச்சுக்கிட்டுக் கடைசியில டபார்னு எடுத்து நீட்டுறது எனக்குப் பிடிக்காது. வெட்டச் சொன்னது தவமணி. ஒச்சப்பன் பொண்டாட்டி. அவன் திராட்சை லோடோட கொச்சிக்குப் போயிருந்த அஞ்சு நாள்ல, விடாம மழை பேஞ்சு இலையில அடிச்சாம்பல் நோய் விழுந்து, உடனே மருந்தடிக்கலைன்னா வெள்ளாமை மொத்தமும் போயிரும்னு ஆனப்ப, அவ போய்க் குருவையாகிட்ட நின்னிருக்கா. ஒச்சப்பன் வந்து பாத்துட்டுக் கோவப்பட்டப்ப, பயத்துல, மெக்கானிக் அண்ணன் தானாவே இது வேண்டாம்னு வெட்டிட்டாருன்னு சொல்லியிருக்கா. ஒச்சப்பன் பட்டறைக்குப் போய் ஊரே கேக்கக் கத்தினான், வாழ்நாள்ல அவன் கத்தினது அது ஒண்ணுதான், குருவையா தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. புருசன் நம்பினதை நம்பினபடியே செத்தான். நெசம் தவமணிக்கும் குருவையாவுக்கும் மட்டுந்தான் தெரியும். எங்களுக்கு அப்பத் தெரியாது. அதை மனசுல வச்சுக்கிட்டு மிச்சத்தைக் கேளுங்க.

ஒரு வருசம் டிராக்டர் தகரக் கொட்டகையில சாக்கு போத்திக் கெடந்துச்சு. வருசத் திதி முடிஞ்ச மறுவாரம் தவமணி சாக்கை உருவிப் போட்டுட்டு, தானே ஓட்டக் கத்துக்கிட்டா. ஊரு ரெண்டு நாளு சிரிச்சுச்சு, மூணாவது நாளு கூலிக்கு ஓட்ட வர்றியான்னு கேட்டுச்சு. மொத நாளே மீட்டர்ல சத்தம் வந்துச்சு. ஸ்டீரிங்குக்கு முன்னால வட்டமா ஒரு மீட்டர் இருக்கும்ல, இன்ஜின் என்ன வேகத்துல சுத்துதுன்னு முள்ளு காட்டும், அதுக்குள்ள இருந்துதான். மொதல்ல எலிக்குஞ்சு மாதிரி கீச்சுன்னுச்சு, அப்புறம் கரகரன்னுச்சு, பெறகு அடங்கி, தொண்டைக்குள்ள ஒரு சத்தமா ஆச்சு.

நான் அன்னைக்கு அவ பந்தல்லதான் கத்தரிச்சுக்கிட்டு இருந்தேன். மருந்து கலக்குறதுக்காக அவ இன்ஜினை ஓட விட்டுட்டுத் தொட்டிக்குப் போயிருந்தா. நான் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, பக்கத்துல நின்னவகிட்டன்னு நெனச்சு, என் மருமக கதையை ஆரம்பிச்சேன். "நேத்து வெங்காயமே இல்லாம ஒரு கொழம்பு வச்சாடி"ன்னேன். 'ம்.' "கேட்டா வெலை கூடிப்போச்சுங்கிறா." 'ம்.' "அவ ஆத்தா வீட்டுக்குப் போறப்ப மட்டும் பஸ்ஸுக்கு வெலை கூடலையாக்கும்?" 'ம்.' இப்படியே நாலு கொடி தள்ளிப் போற வரைக்கும் சொன்னேன், அம்புட்டு நல்லா சொன்னேன், வருசத்துக்கு அப்புறம் வாய் நெறையப் பேசின மாதிரி இருந்துச்சு. சொல்லி முடிச்சுட்டு, "சரிடா ஒச்சு, நான் அந்தப் பக்கம் போறேன்"னுட்டு நடந்தவ, பத்தடி போன பெறகுதான் ஒச்சப்பன் செத்துப் போனான்னு ஞாபகம் வந்து நின்னேன். பக்கத்துல நின்னதா நான் நெனச்சவ எப்பவோ தண்ணி குடிக்கப் போயிருந்தா.

திரும்பி வந்து மீட்டரைப் பாத்தேன். "நீயாடா?"ன்னேன். 'ம்'ன்னான். சரி, வந்துட்டான், பந்தல் வேலை இருக்குல்ல, வராம எங்க போவான்னு நெனச்சுக்கிட்டு நான் மிச்சக் கொலையைக் கத்தரிக்கப் போயிட்டேன்.

சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சு போச்சு, எப்படித் தெரிஞ்சுதுன்னு என்னைக் கேக்காதீங்க. மறுநாள்ல இருந்து தவமணி வண்டியை எங்க நிறுத்தினாலும் ஒரு ஆளு வந்து பக்கத்துல நிக்க ஆரம்பிச்சாங்க. இன்ஜின் ஓடினாத்தான் கேக்கும்கிறதால, வர்றவங்க தண்ணி பாட்டில்ல டீசல் புடிச்சுக் கொண்டுவந்து ஊத்திட்டுத்தான் உக்காருவாங்க. பட்டாளத்துல இருந்து வந்த பெரியவரு ஒருத்தரு, அவரு பனிமலையில மூணு நாளு தனியா நின்ன கதையை வீட்டுல ஆரம்பிச்சாலே பேரப்பிள்ளைங்க டிவி சத்தத்தைக் கூட்டிரும், அவரு காலையில வந்து அந்த மூணு நாளையும் ஒரு மணி நேரம் விடாமச் சொல்லிட்டுக் கண்ணைத் தொடச்சுக்கிட்டுப் போனாரு. வரப்புத் தகராறுல பத்து வருசமா மொகம் பாக்காத அண்ணன் தம்பி ரெண்டு பேரு, ஒருத்தன் திங்கக்கிழமை வந்து தன் நாயத்தைச் சொன்னான், இன்னொருத்தன் செவ்வாக்கிழமை வந்து தன் நாயத்தைச் சொன்னான், ரெண்டு பேருக்கும் அதே உம்முதான் விழுந்துச்சு, ரெண்டு பேரும் தான் ஜெயிச்சுட்டதா நெனச்சுக்கிட்டு அமைதியாயிட்டாங்க. தேர்தல்ல தோத்தவரு வந்து ஏன் தோத்தேன்னு சொன்னாரு. ஜெயிச்சவரு வரல, அவருக்குக் கேக்க ஆளு இருக்கு.

பேயா சாமியான்னு ஒரு பேச்சு வந்துச்சு. கோடாங்கியைக் கூட்டியாந்தோம். அவரு உடுக்கை எடுத்து அடிச்சுப் பாட ஆரம்பிச்சாரு, ஒவ்வொரு அடி முடியிறப்பவும் தாளம் தப்பாம மீட்டர் 'ம்'ன்னுச்சு, கோடாங்கிக்கே ருசி கண்டுபோச்சு. பாட்டை நிறுத்திட்டு, தன் மூத்த மக வீட்டுப்பக்கம் எட்டிப் பாக்காததைச் சொல்ல ஆரம்பிச்சவரு, உச்சி வெயில் வர்ற வரைக்கும் சொன்னாரு. எந்திரிக்கிறப்ப, "இது எதுவும் கேக்கல, இதுக்கு எதுவும் படைக்க வேணாம், சும்மா இருக்கட்டும்"னுட்டுப் போயிட்டாரு. ஊரும் அத்தோட விட்டுருச்சு. பொய்க்கும் உம்மு, நெசத்துக்கும் உம்மு. யாரு என்ன சொன்னாலும் வெளிய போகாது. இப்படி ஒரு மனுசன் உயிரோட இருந்தப்ப நாங்க ஒருத்தரும் அவனை நீ எப்படிடா இருக்கேன்னு கேட்டதில்ல.

வருசம் முழுக்க எல்லாரும் பேசினோம், தவமணி மட்டும் பேசல. சீட்டுல உக்காந்து, உதட்டை இறுக்கிக்கிட்டு, பந்தலுக்கு இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் வருவா, திரும்ப நுழைவா. நான் ஒரு நாளு மருந்துக் கொழாய் புடிக்க அவ பின்னாலயே நடந்தப்பதான் அதைக் கேட்டேன். எங்களுக்கெல்லாம் கீழ எறங்கி விழுற அந்த உம்மு, அவ தனியா உக்காந்திருக்கிறப்ப மேல ஏறுச்சு.

'ம்?'

அவ ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டா. கொஞ்ச தூரம் போகும். திரும்பவும் 'ம்?' கதை சொல்றவ பாதியில நிறுத்துனா, கேக்குற பிள்ளை 'அப்புறம்?'னு கேக்குமே, அப்படி. அவசரப்படுத்தாம, விடாம, ஒரு கொடி வரிசைக்கு ஒரு தடவை.

"தவமணி, அவன் ஏதோ கேக்குறான்டி"ன்னேன்.

"கேபிள் காஞ்சு போச்சு மதினி. மெக்கானிக்கைக் கூப்பிடணும்"னு மட்டும் சொன்னா.

டவுன்ல இருந்து மூணு மெக்கானிக்கு வந்தாங்க, ஒவ்வொரு வாரம் ஒருத்தரு. இன்ஜின்ல இருந்து மீட்டருக்கு ஒரு கேபிள் வருது, சைக்கிள் பிரேக் கம்பி மாதிரி, உள்ள இருக்கிற கம்பி சுத்திக்கிட்டே இருக்கும், எண்ணெய்ப் பசை காஞ்சா கத்தும், அவ்வளவுதான் சமாச்சாரம்னு மொத ஆளு சொன்னாரு. கேபிளை மீட்டருக்குப் பின்னாடி கழட்டி விட்டுட்டு ஸ்டார்ட் பண்ணினாரு. முள்ளு பூஜ்யத்துல படுத்துக்கிச்சு. "இப்ப சத்தம் வரலைன்னா கேபிள்லதான் கோளாறு"ன்னாரு. 'ம்'ன்னுச்சு. ரெண்டாவது ஆளு உள்கம்பியை உருவித் தொடச்சு, கிரீஸ் தடவி, மடங்கின இடம் ஏதும் இருக்கான்னு வெரலால நீவிப் பாத்து, எதுக்கும் இருக்கட்டும்னு புதுக் கேபிளே போட்டு, "இனிமே தொந்தரவு இருக்காதுக்கா"ன்னாரு. அதுக்கும் 'ம்'ன்னுச்சு. மூணாவது ஆளு மீட்டரையே கழட்டிக் கொட்டகை ஜன்னல்ல வச்சிட்டுப் புது மீட்டர் மாட்டினாரு. ஜன்னல்ல இருந்த பழசு செத்த மாதிரி கெடந்துச்சு. "பாத்தீங்களா, மீட்டர்தான் குத்தம்"னு அவரு சொல்லி வாயை மூடல, புதுசுல இருந்து 'ம்' வந்துச்சு. அந்த மனுசன் சாமானை அள்ளிக்கிட்டு ஓடினதுல ஒரு ஸ்பேனரை விட்டுட்டுப் போயிட்டாரு, இன்னும் எங்ககிட்டத்தான் இருக்கு.

அதுக்கு மறுநாள் ஒரு சேதி வந்துச்சு. குருவையா பட்டறையை மூடிட்டு வெள்ளிக்கிழமை குமுளிக்குப் போறாரு, அங்க அவரு மச்சான் மகன் ஒர்க்ஷாப் வச்சிருக்கான், ஊரை விட்டே போறாருன்னு. எங்க ஆளுங்க, "போகட்டும், இத்தனை நாளு இருந்ததே பெருசு"ன்னாங்க. நானும் அப்படித்தான் சொன்னேன். தவமணி கேட்டுக்கிட்டு நின்னா, கையில இருந்த கத்தரியைக் கூடையில வச்சிட்டு நேரா ரோட்டுல எறங்கி நடந்தா. எங்கடி போறேன்னு கத்திக்கிட்டே நானும் பின்னால ஓடினேன், அடிதடி ஆனா விலக்கணும்ல.

பட்டறையில சாமான் எல்லாம் சாக்குல கட்டிக் கெடந்துச்சு. ஒண்ணு மட்டும் கட்டல. சுவத்துல ரெண்டு ஆணி அடிச்சு, அந்த வளைவு மாட்டியிருந்துச்சு, துருவே பிடிக்காம, எண்ணெய் போட்டுத் தொடச்சு. ரெண்டு வருசமா காயலான் கடைக்குப் போடாம வச்சிருந்திருக்காரு.

"அண்ணே, மீட்டர்ல சத்தம் வருது"ன்னா தவமணி.

அவரு அவளைப் பாக்கல. "கேபிளைக் கழட்டிப் பாத்தாங்களா?"

"கழட்டியாச்சு. கேபிள் மாத்தியாச்சு. மீட்டரும் மாத்தியாச்சு."

"என்ன மாதிரி சத்தம்?"

அவ வாயெடுக்குறதுக்குள்ள நான்தான், "உம் கொட்டுதுய்யா. ஊருக்கே தெரியும், உமக்கு யாரும் சொல்லலையா?"ன்னேன். சொன்ன பெறகுதான், அவருகிட்ட யாரு பேசியிருப்பான்னு எனக்கே ஒறைச்சுது.

அவரு அந்த வளைவைப் பாத்துட்டு, "நாளைக்குக் காலையில வாரேன்"னாரு.

வியாழக்கிழமை காலையில, நாங்க பதினாலு பேரும் பந்தல்ல எறங்குற நேரத்துக்கு, வளைவை டிவிஎஸ் வண்டியில பக்கவாட்டுல கட்டிக்கிட்டு வந்து சேந்தாரு. "மீட்டர் சரியாகுதோ இல்லையோ, இதை மாட்டிட்டுத்தான் போவேன். வெட்டின கம்பிக்குப் பழைய பலம் வராது. இருந்தாலும் இருக்கட்டும்"னாரு. எங்களை யாரையும் பாக்கல. நாங்களும் கொலையைப் பாக்குற மாதிரி அண்ணாந்துக்கிட்டோம்.

இன்ஜினை ஸ்டார்ட் பண்ணச் சொன்னாரு. நீளமான ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, நுனியை மீட்டர் மேல வச்சு, கைப்பிடியைக் காதுல அழுத்திக்கிட்டாரு. அவரு எப்பவும் அப்படித்தான் பாப்பாரு, டாக்டர் நெஞ்சுல கொழாய் வைக்கிற மாதிரி, இன்ஜினுக்குள்ள எந்தப் பல்லு தேஞ்சிருக்குன்னு அதுலயே சொல்லிருவாரு. கண்ணை மூடிக்கிட்டு ரொம்ப நேரம் கேட்டாரு. கேக்கக் கேக்க அவரு மொகம் மாறுனதை நான் எங்கண்ணால பாத்தேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துட்டு, தவமணி பக்கம் குனிஞ்சு மெதுவா, ஆனா எனக்குக் கேக்குற மாதிரிதான், "கேபிள்ல குத்தமில்லம்மா, மீட்டர்லயும் குத்தமில்ல. அவன் காத்துக்கிட்டு இருக்கான்"னாரு.

தவமணி தலையைத் தலையை ஆட்டினா. "வேண்டாம்ணே. சொன்னா போயிருவாக. எனக்கு இந்தச் சத்தமாவது வேணும்ணே"ன்னு அழுதா. அதைச் சரி பண்ணச் சொல்லி மூணு மெக்கானிக்கைக் கூட்டியாந்தவளும் அவதான், ரெண்டுமே நெசந்தான், என்ன செய்ய.

குருவையா பெருமூச்சு விட்டாரு. அப்புறம் தானே சீட்டுல ஏறி உக்காந்து, மீட்டருக்கு நேரா, எல்லாருக்கும் கேக்குற குரல்ல சொன்னாரு. "ஒச்சப்பா, நாந்தாம்ப்பா வெட்டினேன். யாரும் சொல்லல. எம் புத்தி. என்னை மன்னிச்சு நீ போயிரு."

'ம்?'

எங்க கத்தரியெல்லாம் நின்னு போச்சு. ஊர்ல எத்தனை பேரு அந்தச் சீட்டுக்குப் பக்கத்துல நின்னு எத்தனை பொய் சொல்லியிருப்போம், ஒண்ணுக்குக் கூட அது அப்படிக் கேட்டதில்ல. குருவையா இன்னொரு தடவை சொன்னாரு, கொஞ்சம் சத்தமாவே. திரும்பவும் 'ம்?' அவரு எறங்கிட்டாரு. வளைவைத் தூக்கிட்டு வண்டிக்குப் பின்னால போய், வெட்டின எடத்துல இரும்புப் பட்டை வச்சுப் போல்ட்டு போட ஆரம்பிச்சாரு.

இங்க ஒரு விசயத்தைச் சொல்லிர்றேன், அப்புறம் மறந்துருவேன். அவரு சொன்ன மாதிரியே வெள்ளிக்கிழமை போயிட்டாரு. ஊரே பஸ் ஸ்டாண்டுல நின்னு கெஞ்சுச்சு, நான் அவரு காலைத் தொடப் போனேன், பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஏறிட்டாரு. இப்பவும் வண்டி எதுக்காவது கோளாறுன்னா ரெண்டு பஸ் மாறி வந்து பாத்துட்டுச் சாயங்காலமே திரும்பிருவாரு. எங்க யாரு வீட்டுலயும் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாரு. தவமணி வீட்டுல மட்டும் சாப்பிடுவாரு.

அந்த வியாழக்கிழமை, அவரு போல்ட்டு போட்டுக்கிட்டு இருக்கிறப்ப, தவமணி சீட்டுல ஏறினா. முந்தானையால மொகத்தைத் தொடச்சுக்கிட்டா. இன்ஜின் சீரா ஓடிக்கிட்டு இருந்துச்சு, முள்ளு பதினஞ்சுல நின்னுச்சு.

"ஏங்க"ன்னா.

'ம்?'

"நீங்க கொச்சிக்குப் போயிருந்தீக."

'ம்.'

அவ மொத வரி சொன்னதுமே அது கீழ எறங்கிருச்சு. அதைக் கேட்டதும் அவளுக்கு ஒரு தெம்பு வந்திருக்கணும், நிமிந்து உக்காந்தா.

"நாலு நாளா மழைங்க, வானம் வெளுக்கவே இல்ல."

'ம்.'

"இலைக்கு அடியில வெள்ளையா பூத்துருச்சு. மருந்தடிச்சே ஆகணும்னாக."

'ம்.'

"வண்டியை உள்ள விட்டா அந்தக் கம்பி பந்தல்ல மாட்டி மாட்டிக் கொலையெல்லாம் உதிருதுங்க. மடக்கி வச்சா மருந்து டேங்குல இடிக்குது. ஒரு வரிசைக்கே ஒரு கூடை விழுந்துருச்சு. எனக்கு வயிறு எரிஞ்சுது."

'ம்.'

"அண்ணங்கிட்டப் போனேன். அவரு மாட்டேன்னாரு. ஒச்சப்பன் வரட்டும்னாரு. ரெண்டாவது தடவை போனேன், அப்பவும் மாட்டேன்னாரு."

'ம்.'

"மூணாவது தடவை, பந்தல் என்னோடது, வண்டி என்னோடது, உங்களுக்கு என்ன வந்துச்சுன்னு கேட்டேங்க. வெட்டினாரு. நீங்க வந்து கோவப்படவும் பயந்துபோய் அண்ணன் மேல போட்டுட்டேன். சொல்லிராதீங்கண்ணேன்னு அவருகிட்டச் சத்தியம் வாங்கினேன். நீங்க அவரை அப்படிப் பேசுனீக, ஊரே பேசுச்சு, அவரு வாயே தெறக்கல. வெட்டச் சொன்னது நாந்தாங்க."

இன்ஜின் ஓடுது. முள்ளு பதினஞ்சுல நிக்குது. சத்தம் இல்ல.

"நாந்தாங்க"ன்னா திரும்பவும்.

ஒண்ணுமில்ல. மீட்டர் எல்லா வண்டி மீட்டர் மாதிரியும் சும்மா இருந்துச்சு. அவ குனிஞ்சு அதும்மேல காதை வச்சா. "கேக்குறீகளா? கோவமா? தூங்கிட்டீகளா?"ன்னு கேட்டா. பந்தலுக்கு அடியில நாங்க பதினாலு பேரு நிக்கிறோம். தூங்கிட்டான், நிம்மதியாத் தூங்கிட்டான்னு நெனைக்கிறதா, இல்ல இதைக் கேட்டுட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான்னு நெனைக்கிறதா, இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. சொல்றதுக்கு இன்னும் மிச்சம் வச்சிருக்கிறவ மாதிரி அவ வாய் தெறந்து தெறந்து மூடுது, ஆனா உம் கொட்ட ஆளில்லாம அடுத்த வரி எப்படி வரும்? நான் கொட்டியிருக்கணும். ஊரு வாயெல்லாம் என் வாயின்னு திரிஞ்சவ, குருவையா கால்கிட்டத் துப்பின அந்த வாயில எனக்கு ஒரு சத்தம் வரல.

'ம்'ன்னு கேட்டுச்சு.

எல்லாரும் மீட்டரைத்தான் பாத்தோம். மீட்டர் இல்ல. பின் சக்கரத்துக்குப் பக்கத்துல குத்த வச்சு உக்காந்து, வளைவோட கடைசி நட்டை முறுக்கிக்கிட்டு இருந்தாரு குருவையா. தலையைத் தூக்கிப் பாக்கல.

தவமணி திரும்பிப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்திட்டு, அந்தப் பக்கமா திரும்பி உக்காந்துக்கிட்டா.

"அன்னைக்குக் காலையில அவுக சாப்பிடாமப் போனாக அண்ணே."

'ம்.'

"வெட்டுறப்ப நீ ஏன் தடுக்கலைன்னு பழைய கோவம். எங்கூடப் பேசுறதில்ல."

'ம்.'

"சாப்பிட்டுட்டுப் போங்கன்னு நானும் சொல்லல. பசிச்சா வரட்டும்னு இருந்துட்டேன். தோசைக்கு ஊத்தின மாவு அப்படியே கல்லுல கெடந்துச்சு."

'ம்.'

"வண்டி கவுந்துருச்சுன்னு வந்து சொன்னப்ப, மொதல்ல அந்தக் கம்பிதாண்ணே எனக்குக் கண்ணுல வந்துச்சு. அவுக மொகம் அப்புறந்தான் வந்துச்சு."

அவரு கையில ஸ்பேனர் ஒரு நிமிசம் நின்னுச்சு. 'ம்.'

இப்படியே அவ சொன்னா, வெயில் பந்தலுக்குள்ள புள்ளி புள்ளியா எறங்குற வரைக்கும் சொன்னா, ரெண்டு வருசத்தையும் சொன்னா, அவரும் ஒரு எடத்துலயும் விடல. கடைசியில அவளுக்குச் சொல்ல ஒண்ணுமில்லாம ஆச்சு.

"அவ்வளவுதாண்ணே"ன்னா.

அவரு அதுக்கும் 'ம்'ன்னாரு.